செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் இயங்கும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வழங்கினோம். செயலவைக் கூட்டங்களில் இரண்டு, ஆள் போதாமல் தள்ளிப்போயின.

அடுத்தது, பலர் வாட்சப்பில் கேள்வி எழுப்பிய 'ஹரிதாஸ்' திரையீடு. தீபாவளிக்கு ஆட்டம் பாட்டம் என்று கலைநிகழ்ச்சி வைக்காமல் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்று வரவில்லை என்பதால் இங்கே விளக்கம் சொல்லியாக வேண்டும்.

1944 தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் வந்த அந்தத் தீபாவளிக்கு மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன அப்பனும் அண்ணனும் திரும்புவார்களா என்று வீடு வீடாகக் காத்திருந்த காலம். தமிழ்நாடே கொண்டாடிய, தியாகராஜ பாகவதர் நாயகனாக நடித்துப் பாடிய படத்தை நம் முன்னோர் அப்போது பார்க்க வழியில்லை. தமிழ்நாட்டிலும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1947இல்தான் விடுதலை. அவர்கள் சிறையில் இருக்க, படம் மட்டும் ஓடியது.

பக்திப் படம் என்றாலும் கதை வீட்டுக்குள்தான் நடக்கிறது. பெற்றோரை விரட்டிவிட்டு, சொத்தைத் தாசியிடம் இழந்து, கால்களையும் இழந்த மகன், தாய் தந்தைக்குப் பணிவிடை செய்வதே பூசை என்று தெளிகிறான். அதனால்தான் அழைப்பிதழில் 'உங்கள் பெற்றோரை அழைத்து வாருங்கள்' என்று அச்சிட்டோம். அழைத்து வந்தவர்கள் மிகச் சிலரே. மற்ற பெரியவர்களை வாடகை வேன் வைத்துச் சங்கம்தான் கூட்டிவந்தது. வேன் செலவு ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

பழைய ஒலிப்பதிவு என்பதால் பாட்டு மெல்லியதாகக் கேட்டது. காற்றாடிச் சத்தத்தில் வார்த்தை விழவில்லை என்று பெரியவர்களே அதை நிறுத்தச் சொல்லி, அந்தப் புழுக்கத்தில் படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பாகவதர் குதிரையில் வர 'வாழ்விலோர் திருநாள்' தொடங்கியதும், முன்வரிசையில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தொடையில் தாளம் போட்டு அடுத்த அடியைப் படத்துக்கு முன்னாலேயே பாடிவிட்டார். 'கிருஷ்ணா முகுந்தா முராரே' வந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்து பாடியது. படத்துக்குப் பாட்டு எழுதிய பாபநாசம் சிவனின் வரிகளுக்கு இத்தனை ஆண்டு கழித்தும் அவ்வளவு பலம் இருக்கிறது. எந்தக் கலைநிகழ்ச்சியிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஆனாலும் கடன் இல்லை. குறைந்ததற்குக் காரணம் திரையீடு அல்ல, சந்தா. மாதம் 2 ரிங்கிட், ஒரு தேத்தண்ணிக் காசு. மூன்றாண்டாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். பெயரைப் பலகையில் போடலாம் என்று செயலவையில் பேச்சு வந்தது; வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். அந்த மரியாதையை அவர்கள் காப்பாற்ற வேண்டும்.

மண்டபத்துக்கு வாடகை குறைத்தவருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், பசியாறல் சமைத்த மகளிர் பிரிவுக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வைத் திரையிட விருப்பம். 1945இல் வந்தது, தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. 'காற்றினிலே வரும் கீதம்' கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்போது ஒலிக்கு நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வேண்டும், வேனும் இரண்டு வேண்டும். இருக்கும் கையிருப்பில் இரண்டும் நடக்காது. பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அரசின் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டு அறிக்கை போக வேண்டும். அதற்குள் உறுப்பினர் பட்டியலைச் சரி செய்கிறோம். இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்க மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்