அந்த ரசீது

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் சுகத்துக்காகவும், மாப்பிள்ளை, பிள்ளை சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வழக்கம்போல நான்தான் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போனாயா, வேதம் வாசிக்கிறாயா என்று. நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அப்புறம், "அப்பா, நீங்க எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து காலைல வாசிக்கீங்க. அந்தப் பாட்டி செத்த அன்னைக்கும் வாசிச்சீங்களா?" என்று கேட்டாய். "அந்த ரசீது புக்கை சைக்கிள்ல கொண்டுவந்து குடுத்தது நான்தானேப்பா" என்றும் சொன்னாய்.

அன்று ராத்திரி பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். தினமும் வாசித்ததும் நாலு வரி எழுதி வைப்பேனே, அந்த நோட்டுகள். 2009 மே மாதம். பக்கம் கிடைத்தது. என் கையெழுத்துதான்: "ஆமோஸ் 2. இஸ்ரவேலர் ஏழைகளை நெருக்கினார்கள். கர்த்தர் பொறுக்கமாட்டார். நல்ல தியானம்."

ஆமாம் மகளே, வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் போனேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் ஒரு தடவையும் உன்னிடம் சொன்னதில்லை. அந்த வருஷம் கோவிலுக்கு கிரானைட் தரை போட்டுக்கொண்டிருந்தோம். பணம் போதவில்லை. கோவில் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களிடம் கண்டிப்பாக வசூலிக்க வேண்டும், பாக்கி தீர்ந்தால்தான் கோவிலில் வாசிக்கிற கல்யாண ஓலை, துக்க மணி, கல்லறைத் தோட்டத்தில் குழி என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். பொருளாளர் நான். முதலில் வந்தது அந்தப் பாட்டியின் சாவு. பனையேறியின் விதவை, ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்தவள். சந்தாவும் பண்டிகை வரியும் சேர்த்து 1,860 ரூபாய் பாக்கி. காலையில் போன உயிர். வேப்பமரத்தடியில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மகன் லோடுமேன் வேலை, கையில் காசில்லை. பெண்டாட்டியின் கம்மலைக் கழற்றிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினான். அவன் அடகு வைத்துத் திரும்பி வர சாயங்காலம் மூன்றரை மணி ஆகிவிட்டது. அந்த வெயிலில் அதுவரை மணி அடிக்கவில்லை. அவன் வந்து பணத்தை எண்ணி வைத்ததும் நான் உனக்கு ஆள் அனுப்பினேன். நீ லீவில் வீட்டில் இருந்தாய். ரசீது புக்கைக் கொண்டுவந்தாய். கார்பன் தாளை வைத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்தேன். அப்புறம் மணி அடித்தது. அந்த மருமகள் காதுத் துவாரத்தில் ஈர்க்குக் குச்சியைச் செருகிக்கொண்டு வாசலில் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. குழிமேட்டில் பாட்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆமோஸ் இரண்டாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? "எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்களே." ஒரு ஜோடு! காலையில் அந்த வார்த்தையை வாசித்துவிட்டு, சாயங்காலம் ஒரு ஜோடு கம்மலுக்கு ரசீது போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதாக என் புத்திக்கு எட்டவே இல்லை.

அதனால் ஆமோசை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். ஒன்பதே அதிகாரம். நாளுக்கு ஒன்று. இந்தத் தடவை நோட்டை எடுக்கவில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசி யார் என்று பார். பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா ஊர்க்காரர். மாடு மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கினவர். மரத்தை நம்பிப் பிழைத்தவர், நம் தாத்தாமாரைப்போல. கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் ராஜா காலம். நாடு செழித்திருந்தது. தந்தக் கட்டில் என்று அவர் சொல்வதைக் கதை என்று நினைக்காதே. சமாரியாவில் தோண்டினபோது தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. கோவிலிலும் குறைவில்லை. பண்டிகை, காணிக்கை, பாட்டு எல்லாம் உண்டு.

அவர் பேச ஆரம்பிக்கிற விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் இத்தனை வருஷமும் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். முதலில் தமஸ்கு. மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும் தண்டனை உண்டு என்கிறார். அப்புறம் காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். எல்லாம் இஸ்ரவேலைச் சுற்றியிருந்த எதிரி ஊர்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் போட்டிருப்பார்கள். பிறகு யூதா. பங்காளிதானே, அதுவும் சரி. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அவர்கள் வாசற்படியிலேயே நிற்கிறார்: இஸ்ரவேலின் மூன்று பாதகங்களினிமித்தமும். இதில் அந்த ஏழு பேரில் யாரையும்விட இவர்களுக்குத்தான் அதிக வசனம்.

நான் அந்த எட்டாவது இடத்திலும் ஆமென் போட்டிருக்கிறேன். "இஸ்ரவேலர் நெருக்கினார்கள்" என்று எழுதினேன். நாங்கள் என்று எழுதவில்லை. நாற்பது வருஷம் வேதம் வாசித்த எனக்கு வந்த வியாதி அதுதான். ஒவ்வொரு அதிகாரத்திலும் குற்றவாளி வேறு யாராவதாக இருந்தார்கள். பரிசேயர், எகிப்தியர், பக்கத்து சபைக்காரர்.

மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லுகிறார்: "பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால்..." அந்த 'ஆகையால்' என்கிற வார்த்தைக்கு அப்புறம் சலுகை வரும் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். வந்தது தண்டனை. பேதுருவும் "நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குங்காலமாயிருக்கிறது" என்று எழுதுகிறார். அவர் அதைப் பாடு அனுபவித்துக்கொண்டிருந்த சபைகளுக்கு எழுதினார், அது வேறு விஷயம். ஆனாலும் கணக்கு முதலில் கேட்கப்படுவது எந்த வீட்டில் என்பதில் ஆமோசுக்கும் பேதுருவுக்கும் பேதமில்லை.

நம் பக்கத்துச் சபைகளுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும் மகளே. ஊரைவிட்டு அடித்து விரட்டப்பட்ட பனையேறிக் குடும்பங்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான் 1799இல் முதலூர் என்கிற கிறிஸ்தவ ஊர் உண்டானது. அப்படி ஒதுங்க வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம். நாம் ஒரு பனையேறியின் விதவையை வேப்பமரத்தடியில் காக்க வைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையில் நான் உனக்குப் பத்துக் கற்பனைகள் மனப்பாடம் செய்வித்தேனே, அதில் ஒரு வரி: "பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவராயிருக்கிறேன்." உன் போனுக்குப் பிறகு இந்த வரியில் ரொம்ப நாள் நின்றேன். நான் செய்த காரியம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் சைக்கிள் கூடையில் ஏறி வந்திருக்கிறது. அது இன்னும் உன் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அதில் உனக்குப் பங்கில்லை. அப்பா கேட்டதை நீ எடுத்துவந்தாய், அவ்வளவுதான். அதைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டதற்கு என்னை மன்னித்துக்கொள். அந்த வரிக்கு அடுத்த வரியில் ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்று இருக்கிறது. அதைத்தான் உன் தலைமேல் வைத்து நான் ஜெபிக்கிறேன்.

விசாரிக்கிறவர் என்கிற அந்தச் சொல்லையே பார். குற்றத்தை விசாரிப்பது. ஆனால் மத்தேயு 25இல், கடைசி நாளில் ராஜா வலதுபக்கத்தாரைப் பார்த்து என்ன சொல்லுகிறார்? "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." யாக்கோபும் சுத்தமான பக்தி எது என்று சொல்லும்போது, விதவைகளை அவர்கள் உபத்திரவத்திலே விசாரிக்கிறது என்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் வீட்டிலும் அப்படித்தானே? போலீஸ்காரனும் விசாரிப்பான், பக்கத்து வீட்டு அத்தையும் விசாரிப்பாள். அந்தப் பாட்டி ஐந்து வருஷம் ஏன் சந்தா கட்டவில்லை என்று விசாரிக்க ஒருத்தராவது போனோமா? பாக்கி எவ்வளவு என்று மட்டும்தான் பார்த்தோம். போய்க் கேட்டிருந்தால் கண் தெரியாமல் பெட்டி முடைய முடியாமல் போனது தெரிந்திருக்கும். எனக்கு அது அவள் மகன் சொல்லித்தான் தெரியும், அதுவும் போன வாரம்.

இடதுபக்கத்தார் மேல் கொலை, திருட்டு என்று எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. அவர்களும் ஆண்டவரே என்றுதான் அழைக்கிறார்கள். போகவில்லை, கொடுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இரண்டு பக்கத்தாரும் "எப்பொழுது" என்று கேட்கிறார்கள் பார். நீதிமான்களுக்கும் தாங்கள் செய்தது ஞாபகமில்லை. ரசீது வைத்திருக்கவில்லை.

போன மாதம் நீ அம்மாவிடம் சொன்னாயாமே, சொந்தக்காரர் யாரும் வரமுடியாத ஒரு கூலித்தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி நைட் டூட்டியில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டேன் என்று. அம்மா இதை என்னிடம் சொன்னபோது நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது வருஷம் வாசித்த நான் செய்யாததை என் மகள் அங்கே செய்துகொண்டிருக்கிறாள்.

இதைச் சொல்லி, சரி, அப்படியானால் வேதமும் ஆராதனையும் உனக்கு வேண்டாம் என்று விட்டுவிட மனம் வரவில்லை. என்னைப் பார்த்து வேதத்தின் மேலேயே உனக்குக் கசப்பு வந்தது நியாயம். ஆனால் யோசித்துப் பார். என் ரசீதைக் குற்றம் என்று சொன்னது எது? கமிட்டி சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. நீ சொன்னாய், அந்தப் புத்தகம் சொன்னது. நான் மூடி வைத்தாலும் அது அங்கேயே, அதே பக்கத்தில் காத்திருந்தது. மத்தேயுவும் மாற்கும் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்று எழுதுகிறார்கள். லூக்கா மட்டும் 'அனுதினமும்' என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். வார்டில் நீ அதைச் செய்கிறாய். ஆனால் நீயும் களைத்துப்போவாய் மகளே. களைத்துப்போன நாளில் யாராவது உன்னை விசாரிக்க வேண்டும். நான் இங்கே இருந்து எவ்வளவுதான் முடியும்?

ஆராதனையில் சொல்லுகிற விசுவாசப் பிரமாணத்தில் "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்று வரும்போது வாய் வரவில்லை என்றாயே. எனக்கும் இப்போது வரவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். அதற்கு முன்னால் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லுகிறேன். முன்பு அது எனக்குப் பயம் காட்டுகிற வரி. இப்போது அந்தப் பாட்டிக்காகக் கேட்க ஒருத்தர் வருவார் என்பதே ஆறுதலாயிருக்கிறது. கேட்கப்படுகிறவன் நானாயிருந்தாலும்.

போன வாரம் நானும் அம்மாவும் அந்த வீட்டுக்குப் போனோம். மகன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கம்மலை அவர்கள் மீட்கவே இல்லையாம், ஏலத்தில் போய்விட்டதாம். அதற்குப் பதில் நான் செய்து தருகிறேன் என்றதும் அவன், "அதான் அன்னைக்கே ரசீது போட்டுட்டீங்களே அண்ணாச்சி, கணக்கு முடிஞ்சிபோச்சி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது மட்டும், "உங்க மகள் எப்படி இருக்கா? அன்னைக்கு அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே போச்சி" என்று கேட்டாள். நீ அழுதது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அந்தத் தீர்மானம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. சாவுக்கும் பாக்கிக்கும் சம்பந்தம் கூடாது, அதை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெயிக்குமா தெரியாது. ஆமோசையே பெத்தேல் ஆசாரியன், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே என்று துரத்தினான். எடுக்கிறவரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பேன்.

ஆகஸ்டில் லீவுக்கு வரும்போது அந்த வீட்டுக்கு நாம் சேர்ந்து போகலாமா? அந்த மருமகள் உன்னை விசாரித்தாளே. நாளைக்கு ஆமோஸ் 8. இங்கே காலை 5 மணி, உனக்கு அங்கே ராத்திரி 2.30, டூட்டியில் இருப்பாய். நேரம் கிடைத்தால் நீயும் அதையே வாசி. பதினான்கு வசனம்தான். அந்த ஒரு ஜோடு பாதரட்சை அதில் மறுபடியும் வருகிறது. வாசித்தால் உனக்கு என்ன தோன்றியது என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அம்மா முறுக்கும் கருப்பட்டியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா