பொதுச்சுவரைக் காக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், தமிழர் பகுதி, புதுச்சேரி.
பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், புதுச்சேரி.

பொருள்: பக்கத்து வீட்டை இடித்ததால் நனையும் பொதுச்சுவருக்குப் பாதுகாப்பும், தாழ்வாரம் பழுதுபார்க்க அனுமதியும் கோருதல் தொடர்பாக.
பார்வை: மாசி, சித்திரை, ஆனி மாதங்களில் நேரில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீதியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். டச்சுக்காரர்கள் 1693-ல் ஊரைப் பிடித்து வகுத்த நேர் வீதிகள். 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியும் மறுபடி எழுந்த ஊர். திண்ணையும் தாழ்வாரமுமாக வீடுகள் ஒட்டி நிற்பதால், தெருக்கோடி வரை வெயில் படாமல் நடந்தோம் என்று அம்மா சொல்வார்.

1. மாசியில் வடக்குப் பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள்.

2. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் உத்திரங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

3. அந்தச் சுவருக்கு வெளிப்பூச்சு இல்லை. வெளிச்சுவராக இருக்க அதைக் கட்டவே இல்லை, ஐயா. ஆவணி மழைக்கே சுண்ணாம்புக் காரை கரைந்து மாவாகக் கொட்டியது. அதை ஒட்டித்தான் 82 வயது அம்மாவின் கட்டில். முற்றத்துப் பக்கம் இழுத்துப் போட்டோம், அங்கே சாரல். திரும்ப இழுத்தோம். மாடியிலிருந்து தார்ப்பாய் தொங்கவிட்டோம், காற்று கிழித்துவிட்டது. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்பிவிடும், சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்கிறார் கொத்தனார். சரி, பூசலாம் என்றால் பூச வேண்டிய பக்கம் அவர்கள் மனையில் இருக்கிறது. தகரம் அடைத்துவிட்டு உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். இரவில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு தடவை வந்து தாங்களும் தொட்டுப் பாருங்கள்.

4. தாழ்வாரத்தில் இரண்டு மரத்தூண் மாற்றி நாட்டு ஓடு வேய அனுமதி கேட்டோம். பழமையான வீடு, ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். செய்யட்டும். முழு வீட்டை இடித்தபோது யார் ஆய்வு செய்தார்கள்? ஓடு மாற்ற எங்களுக்கு ஏழு மாதம், வீட்டையே இடிக்க அவர்களுக்கு நான்கு நாள். இது என்ன நியாயம்?

5. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடம் என்பதால் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? வைசியாள் வீதியைச் சீரமைத்து 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கிய ஊர் இது. பழைய வீட்டைக் காப்பாற்ற இங்கே வழி தெரியாமல் இல்லை.

பூச்சுச் செலவு முழுவதும் எங்களுடையது. அந்த மனைக்குள் பத்து நாள் சாரம் கட்ட உத்தரவு கொடுங்கள். தாழ்வாரத்துக்கு அனுமதி கொடுங்கள். புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்