அடங்காதது ஒரு குறையா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த இசைத்தொகுப்பு விமர்சனத்தைப் படித்தேன். உடுக்கை, கிதார், ராப் எல்லாவற்றையும் சேர்த்துத் தானே எழுதிப் பாடியிருக்கும் அந்த இளைஞர் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை என்று விமர்சகர் குறைப்படுகிறார். கொங்குக் கலை எப்போது ஒரே வகைக்குள் அடங்கியிருந்தது? முருகன்-வள்ளி கதையைப் பாடி ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்குத்தான் 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கள் ஊரில் கும்மி பழகும் களத்தில் ஒரு பையன் இதே தொகுப்பைச் செல்போனில் போட்டான். கிதாருக்கு முகம் சுளித்த கும்மி ஆசிரியர், உடுக்கை நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலால் மண்ணில் தட்டிப் பார்த்தார். “நடை கொஞ்சம் வேகமுங்க, மத்தபடி நம்முளுதுதான்” என்றார். கடைசி இரண்டு பாட்டில் ராப் வேகத்தில் சொற்கள் முழுங்கப்படுகின்றன. அதை விமர்சகர் கண்டித்திருந்தால் சரி என்றிருப்பேன். அடுத்த முறை இப்படியொரு தொகுப்பு வந்தால், உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரையும் கேட்கவைத்து, அவர் சொல்வதையும் விமர்சனத்தின் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

– வாசகர், கோபிசெட்டிபாளையம்