மேடையிலிருந்து சின்னத்திரைக்கு வழிகாட்டியவர்களுக்கு நன்றி

சபா மேடைகளில் நடித்துவந்த எங்கள் குழு நடிகர்கள் பலர் இன்று தொலைக்காட்சித் தொடர்களிலும் நடிக்கிறார்கள். அதற்குக் கைகொடுத்தவர்களில் பெரும்பாலோர் திரையில் முகம் காட்டாதவர்கள். இந்த மடல் அவர்களுக்கு.

ஒலிப்பதிவு உதவியாளர்களே, முதல் வணக்கம் உங்களுக்குத்தான். மேடையில் மைக் தலைக்கு மேலே தொங்கும். அதன் கீழே வந்து நின்று கடைசி வரிசை வரை குரலை எறிவோம். தொடரில் அது நெஞ்சுக்கு அருகே துணிக்குள் இருக்கிறது. அதே குரலில் பேசினால் ஒலி உடைகிறது. குரலைக் குறைக்கச் சொன்னால் நாடக நடிகர் மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுவார். வாக்கியத்தின் கடைசிச் சொல் காணாமல் போகும். "மூச்சு அப்படியே இருக்கட்டும், எதிரே நிற்பவருக்குக் கேட்டால் போதும்" என்றீர்கள். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. கஞ்சி போட்ட புடவையின் சரசரப்பும் தாலிச் சங்கிலியின் உரசலும் பதிவாகாதபடி ஒவ்வொரு முறையும் பொறுமையாக டேப் ஒட்டினீர்கள்.

ஒளிப்பதிவாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். குளோசப்பில் நாற்காலியிலிருந்து வெடுக்கென்று எழுந்தால் முகம் பிரேமை விட்டுப் போய்விடும், ஃபோகஸும் தப்பும். பாதி வேகத்தில் எழ வேண்டும். எதிரில் இருப்பவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி அலைபாயும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து தேடாமல், ஒத்திகையிலேயே அடிகளை எண்ணி வைத்துக்கொள்ளவும் பழக்கினீர்கள்.

உதவி இயக்குநர்களின் உழைப்பைத் தனியே சொல்லியாக வேண்டும். நாடகத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை உண்டு, கதை முதலிலிருந்து முடிவுக்குப் போகும். தொடரில் அன்றைய வசனம் எழுதிய சீன் பேப்பர் காலையில்தான் கைக்கு வரும். அழுது முடித்த காட்சியை எடுத்த பிறகு, அழுகைக்குக் காரணமான காட்சியை எடுப்பார்கள். காட்சி எண், புடவை, பொட்டு, முந்தைய காட்சி எந்த மனநிலையில் முடிந்தது என்று சிறு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னவர்கள் நீங்கள். காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் நடிகர் எந்தச் சொல்லில் காபி டம்ளரைத் தூக்கினாரோ, எதிராளியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டிலும் அதே சொல்லில், அதே கையால் தூக்க வேண்டும். தவறினால் எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது. காட்சி ஓடும்போதே வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டிங் இன்னும் கடினம். வரியைச் சொல்லி முடிக்கும் முன்பே நடிகர் பேச ஆரம்பித்தால் இரண்டு குரலும் மோதும். காத்திருந்தாலோ முகம் வெறுமையாகிவிடும். அந்த இடைவெளியில் எதிராளி பேசியதை யோசிக்கும் முகத்தோடு இருக்கச் சொன்னீர்கள். நாங்கள் பார்த்தவரை மேடை நடிகர்களுக்கு இதைவிடப் பயனுள்ள யோசனை கிடையாது.

மேடை விளக்குக்காகப் பூசும் கெட்டி ஒப்பனையை மெல்லியதாக்கித் தந்த ஒப்பனைக் கலைஞர்களுக்கும் நன்றி.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அது ஒளிபரப்பிய செவ்வாய்க்கிழமை நாடகங்களின் காலத்திலேயே இந்தப் பாதையில் நடந்த மூத்த மேடைக் கலைஞர்களை நன்றியுடன் வணங்குகிறோம்.

நிறைவாக, தயாரிப்பு நிர்வாகிகளுக்கு. சபாவில் நாடகம் இருக்கும் நாட்களில் எங்களவர்களின் காட்சிகளை முற்பகலுக்கு மாற்றி, மாலை 4 மணிக்கே அனுப்பிவைக்கிறீர்கள். 7 மணிக்குத் திரை விலகும்போது அவர்கள் மேடையில் நிற்கிறார்கள்.

அன்புடன்,
நாடகக் குழுவினர்