ஷெட்டில் குடியேறும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயத்தமாக வாங்கிய தகர ஷெட்டை வீடாக்க நினைப்பவர்கள் பலர் பெயின்டில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது அனுமதியில். பொருள் வைக்கப் பெற்ற ஒப்புதலை நம்பிக் குடியிருக்க முடியாது. பயன்பாட்டு மாற்றத்துக்கு வரைபடத்துடன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சுவருக்குள் போகும் வயரிங், குழாய்களைக் கட்டட ஆய்வாளர் பார்க்கும்வரை சுவர்ப் பலகையை அடிக்காதீர்கள். அடித்தால் கழற்றச் சொல்வார்கள்.

பெரிய தலைவலி ஈரம். தகரக் கூரை குளிர்ந்ததும் அறைக்காற்றின் ஈரம் அதன் அடிப்பக்கம் நீராகப் படிந்து சொட்டும். வெப்பம் தடுக்கக் கூரைக்கடியில் வைக்கும் கண்ணாடிப் பஞ்சு (glass wool) நனைந்தால் வெப்பத்தைத் தடுக்காது, பூஞ்சை வேறு. பஞ்சு வைத்தால் அதற்கும் தகரத்துக்கும் நடுவே 50 மி.மீ. காற்றுவழி, இறவாரத்திலும் (கூரையின் கீழ் விளிம்பு) முகட்டிலும் (உச்சி) அந்தக் காற்றுக்குத் திறப்பு வேண்டும். குளியலறை விசிறிக் குழாய் கூரைக்கு வெளியே போகட்டும். (பரணுக்குள் விடுபவர்களும் உண்டு!)

தகரச் சுவருக்கு எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவுக் காப்பு (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி), படுக்கைக்கு அருகே ஆள் வெளியேறுமளவு ஜன்னல் கட்டாயம்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்