எனக்கும் மருந்து எழுதித் தந்தவர்களுக்கு

எங்கள் தெருவிலும் கோவில்பட்டியிலும் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு மாத மகனுக்கு வாயில் வந்திருந்த அக்கரம், அதாவது வெள்ளை வெள்ளையாய்ப் படிகிற பூஞ்சைப் புண், ஆறி வாய் சுத்தமாகிவிட்டது. நானும் ஓரளவு தூங்க ஆரம்பித்துவிட்டேன். கை ஒழிந்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கைக்குழந்தைக்காரிக்குக் கை எப்போது ஒழிகிறது? அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

ஆச்சி, முதல் நன்றி உங்களுக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் நாக்கில் பால் படிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனபோது, நீங்கள்தான் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உதட்டை விலக்கிக் கன்னத்தின் உள்பக்கம் பார்த்தீர்கள். "இது பால் இல்லட்டி, அக்கரம்" என்றீர்கள். பால் என்றால் நாக்கோடு நிற்கும், ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். இதுவோ ஈறிலும் கன்னத்திலும் தயிர்த் திப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தால் வராது, அழுத்தினால் அடியில் சிவந்துபோகும். டாக்டர் பிறகு சொன்னதும் இதே அடையாளம்தான்.

இன்னொன்றுக்கும் நன்றி ஆச்சி. வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது உங்கள் காலத்து வைத்தியம். ஒரு வயது முடியும்வரை தேன் ஆகாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலுக்குள் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம், வெங்காரமும் அந்த வயதுக்கு விஷம்தான் என்று டாக்டரம்மா சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அப்படியா, சரி, வேண்டாம்" என்று டப்பாவை மூடிவிட்டீர்கள். அத்தனை பிள்ளைகளை வளர்த்த பிறகு இப்படிக் கேட்டுக்கொள்ள எல்லோருக்கும் வராது.

முக்குக் கடை மெடிக்கல் அண்ணன், நீங்கள் அன்றைக்கு எதையும் விற்காமல் அனுப்பியதற்கு நன்றி. வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மைக்கோனசோல் ஜெல் கேட்டு வந்த என் தம்பியிடம் முதலில் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் என்றதும், "நாலு மாசம்கூட ஆகாத பிள்ளைக்கு இதைக் கொடுக்க மாட்டேன், கெட்டியா இருக்கும், தொண்டையை அடைச்சிரும், டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போன வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் பையன் வீறிட்டு அழுதான். தாய்மார்கள் பாலூட்டும் அறை என்று பெரிதாக எழுதியிருந்தது, பூட்டியிருந்தது. 2015-இல் தமிழ்நாடு முழுவதும் பேருந்து நிலையங்களில் இந்த அறைகளைத் திறந்தார்கள், நல்ல காரியம். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கதவில் எழுதி வைத்திருக்கலாம். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவி வாங்கி வந்து திறந்துவிட்டார்கள். நான் பால் கொடுத்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார்கள். அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டினால் நல்லது.

டாக்டரம்மா, உங்களைப் பற்றி எழுதத்தான் இந்த மடலே. முதலில் காட்டிய இடத்தில், பாலை நிறுத்திவிட்டுப் பவுடர் பாலுக்கு மாறிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டேதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் பிள்ளையின் வாயைப் பார்த்தீர்கள், துணியை விலக்கித் தொடை இடுக்கில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பால் கொடுத்து முடித்த பிறகும் காம்பு எரிகிறது, உள்ளே சுருக் சுருக்கென்று குத்துகிறது, ராத்திரி அவன் தூங்கினாலும் அந்த வலியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னேன்.

கேண்டிடா என்கிற பூஞ்சை எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான், சிசேரியனுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்ததில் அது பெருகியிருக்கலாம் என்று நீங்கள் விளக்கியபோதுதான், சுத்தமாக இல்லாததால் வந்தது என்று பக்கத்து வீடுகளில் பேசிய பேச்சு என் மனதை விட்டுப் போனது. பிள்ளையின் வாயிலிருந்து என் மார்புக்கும், மார்பிலிருந்து அவன் வாய்க்கும் மாறி மாறிப் போகும் என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்கினீர்கள். அவனுக்குப் பால் குடித்த பிறகு வாய்க்குள் தடவ க்ளோட்ரிமசோல் சொட்டு. எனக்குப் பால் கொடுத்த பிறகு மெல்லியதாகப் பூசிக்கொள்ள ஒரு க்ரீம், அடுத்த முறை கொடுக்கும் முன் மிச்சம் தெரிந்தால் துடைத்துவிட வேண்டும். வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடாதே, சொன்ன நாள்வரை போடு என்று சீட்டில் அடிக்கோடிட்டுக் கொடுத்தீர்கள். பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

நர்ஸக்கா, நீங்கள் வீட்டுக்கு வந்து, காம்பு வலி எல்லாமே பூஞ்சையால் வருவதில்லை என்று, அவன் வாய் வைக்கிற விதத்தையும் பார்த்துச் சரிசெய்தீர்கள். காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வைத்ததிலேயே பாதி வலி குறைந்தது. சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடாதே, அது பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். தூங்குகிறாயா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள். மனசு ரொம்பக் கனத்தால் கூப்பிடு என்று 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தீர்கள். கூப்பிடும் அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டு இன்னும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இனி ராத்திரிக்காரர்கள். வாய் வலித்ததால் பையன் இரண்டு வாய் குடிப்பான், விட்டுவிட்டு அழுவான், பசி தீராமல் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுவான். மருந்து தொடங்கிச் சில நாளில் வாய் தேறியது. ஆனால் ராத்திரிகள் உடனே தேறவில்லை. இரண்டு மாதக் குழந்தையின் வயிறு சின்னது, புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாலுக்கு எழத்தான் செய்யும். ஆகவே அவனைத் தூங்க வைக்கும் வழியைத் தேடாமல், என்னைத் தூங்க வைக்க ஏற்பாடு செய்தது அம்மாதான்.

அம்மா, ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் அவனை வாங்கிக்கொண்டு என்னை உள் அறைக்கு அனுப்பினாய். பசித்தால் மட்டும் கொண்டுவந்தாய். துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, தூளி ஆட்டுவது எல்லாம் உன் பொறுப்பு. "உனக்குப் பால் குடுக்கிற வேலை மட்டுந்தான்" என்றாய். இரண்டு தெரு தள்ளியிருந்து மாமா விடிவதற்கு முன்பே டார்ச் அடித்துக்கொண்டு வந்து பேரனை வாங்கிக்கொள்வார். மாமா, நீங்கள் அவனைத் திண்ணையில் வைத்துக்கொண்டு தினத்தந்தி தலைப்புகளைச் சத்தமாக வாசித்தது உள்ளே கேட்கும். அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம்தான் அன்றைய பகலை ஓட்டும்.

அத்தை, சங்கு, பாலாடை, பால் எடுக்கும் பம்பின் பாகங்கள் எல்லாவற்றையும் தினமும் கொதிக்க வைத்து எடுத்தீர்கள். என் உள்ளாடைகளையும் பிள்ளையின் துணிகளையும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போட்டீர்கள். மருமகளின் துணியை மாமியார் துவைப்பதா என்று கேட்டவர்களுக்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

குவைத்தில் இரவுப் பணி பார்க்கிற தோழிக்கு: இங்கே மூன்று மணி என்றால் உனக்குப் பன்னிரண்டரை. வார்டு அடங்கிய நேரத்தில் என் புலம்பலையெல்லாம் கேட்டு, வைத்தியம் எதுவும் சொல்லாமல் உன் ஹாஸ்டல் சண்டைகளைக் கதை கதையாய் அனுப்பினாயே, அதற்கு நன்றி. சனிக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து, களைப்பைக் காட்டாமல் அந்த ராத்திரி முழுவதையும் தன் கணக்கில் எடுத்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மத்தியானத்தில் குழந்தை பார்க்க வராமல் சாயங்காலம் வந்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் தனி நன்றி. இனி எந்த நேரமும் வரலாம். கதவு சாத்தியிருந்தால் மட்டும் தட்டாதீர்கள், இரண்டு பேரும் தூங்குகிறோம் என்று அர்த்தம்.

அன்புடன்,
வேப்பமரத்து வீட்டுப் பெண்