பழைய வினாத்தாள் பயிற்சிப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், மாலைப் பயிற்சிக்கு வரும் மாணவ மாணவியர், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நமது நகர் நலச் சங்கத்தின் கல்விப் பிரிவு இந்த ஆண்டு ஒரே வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதலாண்டு பொறியியல் படிப்பவர்களையும் கணிதத்தில் அரியர் (தேறாமல் மீண்டும் எழுத வேண்டிய தாள்) வைத்திருப்பவர்களையும் பழைய வினாத்தாள்களை எழுதிப் பழக வைப்பதே அது. பழைய தாளைப் புரட்டுவது வேறு, எழுதுவது வேறு. இந்த அறிக்கை முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். செலவு பெரும்பாலும் ஜெராக்ஸும் ஏ4 தாளும்.

முதல் வேலையாகத் தாள்களை ரெகுலேஷன்படி, அதாவது பல்கலைக்கழகம் எந்த ஆண்டு வகுத்த பாடத்திட்டத்துக்கு உரியவை என்று பார்த்து, பிரித்து அடுக்கினோம். இதைச் செய்யாமல் கையில் கிடைத்ததை எல்லாம் போடுகிறவர்கள் பாடத்திட்டத்திலேயே இல்லாத கணக்கில் மாலைப்பொழுதைத் தொலைக்கிறார்கள். 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் தாள் ‘மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’, குறியீடு எம்ஏ 3151. இதை எழுதுபவருக்கு 2017 ரெகுலேஷனின் எம்ஏ 8151 தாளில் முதல் நான்கு யூனிட்டுகள் பயன்படும். ஐந்தாவதான வகைக்கெழுச் சமன்பாடுகள் தேவையில்லை. ஆனால் அந்தத் தாளில் அணிகள் (மெட்ரிசஸ்) கிடையாது. அப்போது அவை இரண்டாம் செமஸ்டரின் எம்ஏ 8251 தாளில் முதல் யூனிட்டாக இருந்தன. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 2013 ரெகுலேஷனின் எம்ஏ 6151 தாளில் 1, 4, 5 ஆகிய யூனிட்டுகளைப் போடலாம். இரண்டாம் யூனிட்டின் தொடர்களையும், மூன்றாம் யூனிட்டின் வளைவு, எவல்யூட், என்வலப் கணக்குகளையும் ஒதுக்கிவிடலாம். அரியர் எழுதுபவர் தம் ரெகுலேஷனின் குறியீட்டை ஹால் டிக்கெட்டில் பார்த்துக்கொண்டுதான் தாளைத் தேட வேண்டும். இப்போது நம் கோப்பு ஒவ்வொன்றின் முகப்பிலும் குறியீடு, ரெகுலேஷன், தேர்வு மாதம், ஆண்டு நான்கும் எழுதியிருக்கின்றன. போனில் எடுத்த படங்களில் அடுக்குக்குறிகள் மங்கிப்போவதால், வர்க்கமா கனமா என்று சந்தேகம் வந்த இடங்களைக் கணக்கைப் போட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகே நகல் எடுத்தோம்.

அடுத்து, தாளின் அமைப்பு. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ‘பார்ட் ஏ’யில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள். ‘பார்ட் பி’யில் ஐந்து 16 மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று தெரிவு உண்டு, உள்ளே பெரும்பாலும் எட்டும் எட்டுமாகப் பிரிந்திருக்கும். யூனிட்டுக்கு இரண்டு சிறு வினா, ஒரு பெரிய வினா என்பது வழக்கம். ஆகவே ஒரு யூனிட்டைக் கைவிட்டால் போவது 16 அல்ல, 20. ‘மூணு யூனிட் படிச்சா போதும்’ என்று வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறோம். அந்த மூன்றும் ஒரு பிழையில்லாமல் வந்தாலும் உச்சவரம்பு 60தான். தெரிவு யூனிட்டுக்குள்ளேதான் இருக்கிறது, ஒரு யூனிட்டுக்குப் பதில் இன்னொன்று எழுத வழியில்லை.

பயிற்சி முறை இது. முதல் தாளை நேரக் கட்டுப்பாடின்றி, புத்தகத்தை மூடிவைத்து எழுத வேண்டும். எந்த யூனிட்டில் கை நிற்கிறது என்று பார்க்க மட்டுமே இந்தத் தாள். பிறகு யூனிட் வாரியாகப் பழைய வினாக்களைச் சேர்த்துப் போட வேண்டும். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் தாள்களைத் தொடாமல் வைத்திருந்து, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மூன்று மணி நேரம் முழுதாக உட்கார்ந்து எழுத வேண்டும். எல்லாத் தாளையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டவருக்குத் தம்மைச் சோதித்துப் பார்க்கப் புதுத் தாள் மிஞ்சாது. நேரப் பங்கீடு: பார்ட் ஏக்கு 30 நிமிடம், பெரிய வினா ஒன்றுக்கு 27 நிமிடம் வீதம் 135, சரிபார்க்க 15. இருபத்தேழு நிமிடம் ஆனதும் கணக்கு முடியாவிட்டாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இதற்குத்தான் மாணவர்கள் கடைசிவரை முரண்டு பிடிக்கிறார்கள். ஆனால் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால், பாதி எழுதிய இரண்டு கணக்குகள் முழுதாக எழுதிய ஒன்றுக்குக் குறைந்தவை அல்ல.

இனி, எம்ஏ 3151 தாளில் தவறுகள் எங்கே நிகழ்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அணிகள் யூனிட்டில் திரும்பத் திரும்ப வருவது இருபடி வடிவத்தைச் செங்குத்து உருமாற்றத்தால் நியம வடிவுக்கு, அதாவது வர்க்கங்கள் மட்டுமே உள்ள வடிவுக்கு, கொண்டுவரும் கணக்கு. நாம் பயிற்சிக்கு வைத்ததில் எக்ஸ், ஒய், இசட் வர்க்கங்களின் கெழுக்கள் 8, 7, 3. எக்ஸ்ஒய்க்கு −12, ஒய்இசட்டுக்கு −8, எக்ஸ்இசட்டுக்கு 4. குறுக்கு உறுப்புகளைப் பாதியாக்கித்தான் அணியில் எழுத வேண்டும்: −6, −4, 2. பாதியாக்க மறந்தால் முதல் வரியிலேயே கணக்கு போச்சு. சரியாக எழுதினால், நியம வடிவில் கெழுக்களாக வரும் ஐகன் மதிப்புகள் 0, 3, 15. கூட்டினால் 18, மூலைவிட்டத்தின் 8, 7, 3 கூடினாலும் 18. பத்து விநாடி ஆகும் இந்தச் சோதனையை ஒருவரும் விடக் கூடாது. ஐகன் வெக்டர்கள் முறையே (1, 2, 2), (2, 1, −2), (2, −2, 1). மூன்றின் நீளமும் 3. ஒவ்வொன்றையும் 3 ஆல் வகுத்த பிறகே உருமாற்ற அணியை அமைக்க வேண்டும். வகுக்காமல் போட்டால் 3, 15 வர வேண்டிய இடத்தில் 27, 135 வரும், அதாவது ஒன்பது மடங்கு. விடைத்தாளில் 27ஐப் பார்த்ததுமே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

மூன்றாம் யூனிட்டில் லெக்ராஞ்சி பெருக்கி முறை, அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய மதிப்பைக் காணும் முறை. மேல்புறம் திறந்த செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32, மிகக் குறைந்த பரப்பு கேட்டால் அளவுகள் 4, 4, 2. இதை மனப்பாடம் செய்தவர்கள், அதே பெட்டிக்குப் பரப்பு 432 என்று கொடுத்து மிகப் பெரிய கொள்ளளவு கேட்கும்போதும் 4, 4, 2 என்றே எழுதுகிறார்கள். இங்கே விடை 12, 12, 6, கொள்ளளவு 864. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால்தான் அடிப்பாகம் சதுரம், உயரம் அதில் பாதி என்ற உறவு தெரியும். எது கட்டுப்பாடு, எது காண வேண்டியது என்பதும் விளங்கும். பழைய தாளில் வினா அப்படியே திரும்பி வருவதைவிட, இப்படி உடை மாற்றிக்கொண்டு வருவதற்கே தயாராக இருக்க வேண்டும்.

ஐந்தாம் யூனிட்டில் தொகையீட்டு வரிசையை (எந்த மாறியை முதலில் தொகையிடுவது என்பதை) மாற்றும் கணக்கு. ஒய் எக்ஸின் வர்க்கத்திலிருந்து ‘2 கழித்தல் எக்ஸ்’ வரை, எக்ஸ் 0 முதல் 1 வரை, தொகையிட வேண்டியது எக்ஸ்ஒய். படம் வரையாதவர்கள் ஒரே தொகையீடாக மாற்றிவிடுகிறார்கள். பரவளையமும் நேர்கோடும் (1, 1) இல் சந்திக்கின்றன. ஒய் 1 என்ற கோட்டுக்குக் கீழே வலப்பக்க எல்லை பரவளையம், மேலே நேர்கோடு. அதனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கீழ்ப் பகுதி 1/6, மேல் பகுதி 5/24, மொத்தம் 3/8. மாற்றாமல் நேரடியாகப் போட்டாலும் 3/8 தான் வரும். ரஃப் பகுதியில் இதைச் சரிபார்க்கலாம்.

திருத்துவதைப் பற்றி ஒரு சொல். எழுதிய தாளை அன்றே, வேறொரு நிற மையில், படிப்படியாக மதிப்பெண் இட்டுத் திருத்த வேண்டும். பிறகு பிழைக் குறிப்பேட்டில் வினா, நிகழ்ந்த தவறு, அதன் காரணம் என மூன்று கட்டங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதை ஏற்பதில்லை. ‘குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோகவில்லை’ என்பதுபோல் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே கணக்கை விடை பார்க்காமல் மறுபடி எழுத வேண்டும். இந்த மறுஎழுத்து இல்லாவிட்டால் மற்ற உழைப்பு அத்தனையும் பாதிதான் பலன் தரும் என்பது பிரிவின் உறுதியான கருத்து. ‘முக்கிய வினாக்கள்’ என்று சுற்றுக்கு வரும் விடைத் தொகுப்புகளில் பிழைகள் உண்டு. அவற்றை நகல் எடுத்துக் கொடுப்பதில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் ஒப்புதலை வேண்டும் கோரிக்கைகள் நான்கு. இரண்டாம் செமஸ்டரின் புள்ளியியல், எண்முறைத் தாளுக்கும் இதே கோப்பைத் தொடங்க வேண்டும். அதற்கான புள்ளியியல் அட்டவணைகளில் சில பிரதிகள் வாங்க வேண்டும். முழுத் தேர்வு எழுதும் ஞாயிறுகளில் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை சங்கக் கட்டடத்தின் கூடத்தில் வேறு கூட்டம் வைக்காமல் விட்டுத்தர வேண்டும். கூடத்துச் சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது; பேட்டரியை மாற்றியும் சரியாகவில்லை என்பதால் புதிதாக ஒன்று வாங்கவும் அனுமதி கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்